சட்டை கொழுவ ஓர் ஓட்டை

சுவரில் ஓட்டை போட ஒரு மெசின் வாங்கப் போயிருந்தேன். செங்கலடி ஊர்ச் சாமான் கடைக்காரர் வயர் வைத்த மலிவான ட்ரில் ஒன்றை எடுத்து, சீமெந்துக் கல்லில் ஓட்டிக் காட்டினார். பறந்த தூசியின் மணம் மூக்கில் ஏறியதும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அப்பா சுவரில் ஆணி அடித்த நாளின் மணம் அது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண் அங்கே போய்த்தான் இருப்பார். எங்கள் வீடும் அம்மாவுடையது. சட்டை கொழுவித் தொங்கவிட இடமில்லையென்று, சத்தம் கேட்காமல் சுத்தியலில் பழந்துணி சுற்றி அப்பா மெதுவாகத்தான் அடித்தார். அப்படியும் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார்.

"என்ட சுவர என்ன செய்யிறீங்க?"

அப்பா குந்தியிருந்து, விழுந்த துண்டுகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பொறுக்கினார். கடைசிவரை அவர் சட்டை கதவின் மேல்தான் தொங்கியது.

"எப்பயாவது ஒரு ஓட்டை போட இந்த வயர் மெசினே காணும். பற்றரி மெசின் வீண் செலவு. சுவரும் பெயராது. கட்டித் தரட்டா?" என்றார் கடைக்காரர்.

நானும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். என் சட்டையும் கதவின் மேல்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்று போனை எடுத்தேன். "மனிசிட்ட ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்றன்."