பக்கத்து வீட்டுக்காரரின் தையல் மெசின்

எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை அல்ல. அவற்றுக்கு அம்மா ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். துவக்கு, அதாவது துப்பாக்கி, என்ற சொல்லுக்குத்தான் மன்னிப்பில்லை. என் ஏழாவது பிறந்தநாளுக்கு யாரோ தந்த பச்சைத் தண்ணீர்த் துவக்கு, உறை பிரித்த ஐந்தாவது நிமிடமே குப்பைத்தொட்டிக்குப் போனது. தமிழ்ப் படத்தில் யாராவது இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனால் அம்மா சேனலை மாற்றிவிடுவார். திரும்பி வரும்போது வில்லன் விழுந்து கிடப்பான். கதாநாயகர்கள் வில்லன்களைப் பாட்டுப் பாடியே சாய்க்கிறார்கள் என்றுதான் ஒன்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

அந்த ஒன்பதாவது வயதில்தான் இது நடந்தது. லண்டனில், குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என நான்கு பேர். சித்தப்பா ஓர் இரும்புப் பட்டறையில் லேத் என்ற கடைசல் மெசினை ஓட்டினார். அது போதாதென்று, மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து தோட்டத்து ஷெட்டுக்குள் வைத்திருந்தார். எண்ணெய் மிதித்த காலோடு கார்பெட்டில் நடந்ததற்காக அம்மா அவரை ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரித்திருந்தார். மூன்றாவது தரம் லேத் போய்விடும் என்பது ஒப்பந்தம்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் பிரியம்: தக்காளிச் செடிகள், அவருடைய அப்பாவைவிட வயதில் மூத்த ஒரு துவக்கு. அது அவருடைய சுடும் கிளப்பில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அவர் அதைத் துவக்கென்று ஒருநாளும் சொல்லமாட்டார். 'கிழவி' என்பார். கிழவிக்குச் சுகமில்லை என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சித்தப்பாவிடம் முறையிட்டார்.

கிழவியின் முதுகில் குறி பார்ப்பதற்கென்று சின்ன ஏணி போன்ற ஒரு தகடு உண்டாம். அதில் ஏறி இறங்கும் ஒரு துண்டைத் தூரத்துக்குத் தக்கபடி நகர்த்தி, தகட்டின் ஒரு பல்லில் மாட்டி நிறுத்தவேண்டும். அந்தத் துண்டு தொலைந்துவிட்டது. செய்த கம்பனி எப்போதோ மறைந்துபோனது. வரைபடமும் இல்லை. அடுத்த மாதம் பழைய துவக்குகளுக்கான போட்டி; இருபத்திரண்டு வருடமாக ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. கிளப்பில் இன்னொருவரிடம் இருந்த அதேபோன்ற துண்டை மாதிரிக்கு இரவல் வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

சித்தப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். லட்டுத் தட்டைக் கண்ட முகம்.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை” என்றார்.

நான் சொல்லவில்லை. அதைவிட மோசமான காரியம் ஒன்றைச் செய்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், ஷெட்டுக்குள் என்ன சத்தம் என்று அம்மா கேட்டார். சித்தப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு என்னுடையது என்று தோன்றியது.

“பக்கத்து வீட்டுக்காரற்ற தையல் மெசினுக்குச் சாமான் செய்யிறார்” என்றேன்.

அவ்வளவு சரளமாகப் பொய் வந்ததில் எனக்கே பெருமை. அம்மாவுக்கும் அன்றிரவு சித்தப்பா மேல் ஒரு மரியாதை பிறந்தது. அடுத்த நாள் தன்னுடைய தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அது இரண்டு வருடமாக மூன்று தையலுக்கு ஒன்றை விட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தது. தையல் மெசினை வாழ்நாளில் தொட்டிராத சித்தப்பா, அதைக் கழற்றி, துடைத்து, ஏதோ ஒன்றை நிமிர்த்தி, ஓட வைத்துவிட்டார். அங்கேதான் வினை தொடங்கியது.

அம்மா இதைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சொன்னார். கோயிலில் சொன்னார். இரண்டு கிழமைக்குள் எங்கள் வீட்டு நடையில் ஐந்து தையல் மெசின்கள் வரிசையாக நின்றன. ஷிப்ட் முடிந்து இருட்டில் வந்த அப்பா ஒன்றில் முழங்காலை இடித்துக்கொண்டு, “இதென்ன வீடோ, கார்மென்ட் பக்டரியோ?” என்று கேட்டார். சித்தப்பா பகலில் பட்டறை, பின்னேரத்தில் தையல் மெசின்கள், மிஞ்சிய நேரத்தில் கிழவி என்று மெலிந்துகொண்டு போனார்.

கிழவியோ குணமாகவில்லை. சித்தப்பா இரவல் துண்டை வெர்னியர் அளவுகோலால் மூலைக்கு மூலை அளந்து, மயிரிழை பிசகாமல் அதேபோல ஒன்றைக் கடைந்து கொடுத்தார். கிளப்பிலிருந்து திரும்பி வந்தது. இரண்டாவதும் திரும்பி வந்தது. மூன்றாவதைக் கொண்டுபோனபோது போட்டிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. இதுவும் சரிவராவிட்டால் வேறு வழியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். சித்தப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சித்தப்பா ஓவர்டைம் போயிருந்தார். தங்கள் மெசின்களை எடுத்துப்போக மூன்று மாமிமார் வந்து, நடையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், கையில் கைக்குட்டை.

அவருடைய கிழக்கு லண்டன் ஆங்கிலம் அம்மாவுக்குப் பிடிபடாது. சொல்லில் பாதியை விழுங்கிவிடுவார். வழக்கம்போல மொழிபெயர்ப்பாளர் நான்தான். சுடும்போது கிழவி உதைக்கிற ஒவ்வொரு தரமும் துண்டு வழுக்கி இறங்கிவிடுகிறது என்றும், நேற்றுத் தன்னுடைய பலகைக்குக் குறி வைத்து அடுத்தவருடைய பலகையில் போட்டுவிட்டதாகவும் அவர் துக்கத்தோடு சொன்னார்.

“ஊசி குத்தக் குத்தச் சாமான் வழுக்குதாம்” என்றேன். “தன்ர சட்டையைத் தைக்க வெளிக்கிட்டு, பக்கத்தில இருந்தவற்ற சட்டையைத் தைச்சுப்போட்டாராம்.”

மாமிமார் மூவரும் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரை நடையில் சிந்தினார்கள். பாவம், பெண்சாதி இல்லாத மனிசன், தானே தைத்துப் போடுகிறார் என்று ஒரு மாமி இரங்கினார். மெசின் என்ன மாதிரியானது என்று இன்னொருவர் கேட்டார். நான் கிழவி எப்படி இருப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். வால்நட் மரத்தில் உடம்பு, தோளில் வைத்தால் குழந்தை மாதிரி என்று அவர் கண் பனிக்கச் சொன்னார்.

“மரத்தில செய்ததாம். தோளில வைச்சுத்தான் தைப்பாராம்” என்றேன். வேறு வழி தெரியவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சித்தப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் கைக்குட்டையை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதை விரித்தார். உள்ளே இரண்டு துண்டுகள், இரவல் வாங்கிய பழையதும் சித்தப்பா செய்த புதியதும். புதியதை எடுத்துத் திருப்பினார். பெருவிரல் தேடாமலே, பல்லில் மாட்டுகிற சின்னக் கொளுவியில் போய் நின்று அமத்தியது. பிறகு பழையதையும் அப்படியே. பிறகு இரண்டையும் சுற்றிக் கையில் பொத்திக்கொண்டு, மாமிமாரை வழியனுப்பினார்.

சித்தப்பா வரும்வரை நான் மாடிப்படியில் இருந்தேன். லேத் போகப்போகிறது, சித்தப்பாவும் போகப்போகிறார், என் காரணமாக. அவர் வந்ததும் அம்மா பின்கதவைத் திறந்து ஷெட்டுக்குள் போனார். அந்த ஷெட்டுக்குள் அம்மா கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சித்தப்பா பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோலப் பின்னால் போனார். நான் அவர் பின்னால்.

அம்மா இரண்டு துண்டுகளையும் விளக்குக்குக் கீழே வைத்தார்.

“இதைப் பாரும். இந்தக் கொளுவியின்ர மூலை கூரா நிக்கவேணும். இரவல் வாங்கினது தேய்ஞ்சு உருண்டுபோய்க் கிடக்கு. நீர் தேய்மானத்தையும் சேர்த்தெல்லோ அளந்து செய்திருக்கிறீர்.”

சித்தப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடிவில்லையை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்று தரம், மயிரிழை பிசகாமல், அவர் ஒரு பழுதை நகலெடுத்திருக்கிறார்.

“அண்ணி, உங்களுக்கு எப்பிடி…”

“தையல் மெசின் சாமான்தானே” என்றார் அம்மா. “காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாரும்.”

நான்காவது துண்டு வழுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அவரளவில் அது சரித்திரம். முட்டைக்கோப்பை அளவில் ஒரு வெற்றிக்கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் முழுவதும் வைத்துவிட்டுப் போனார். குடும்பத்தோடு கிளப்புக்கு வரும்படி அழைத்தார். அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். அம்மா தலையிடி என்றார். தையல் மெசின்கள் மட்டும் நிற்கவில்லை. சித்தப்பா கலியாணம் செய்து வெம்பிளிக்குப் போன பிறகும் இரண்டு எங்கள் நடையில் நின்றன.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். “இங்க வரமுன்னம், ஊரில சண்டைக்குள்ள, அம்மா கனக்க வேலை பாத்தவ” என்று சொல்லிவிட்டு, நிறைந்திருந்த கேத்தலுக்குள் மேலும் தண்ணீர் விட எழுந்து போனார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கிழமை வகுப்பில் அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். என் அம்மா இலங்கையில் ஒரு பெரிய தையல் மெசின் தொழிற்சாலையில் வேலை செய்தவர், எந்தத் துண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு என்பது நானாகச் சேர்த்தது. டீச்சர் ஒரு நட்சத்திரம் போட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அம்மா சமையலறை மேசையில் இருந்து அதை வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து விரலை வைத்து வாசித்தார்; கண்ணை மூடிக்கொண்டு என்ற இடத்தில் விரல் நெடுநேரம் நின்றது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, எழுந்து போகவில்லை. பொய் எழுதியிருக்கிறாய் என்பார், அல்லது நன்றாயிருக்கிறது என்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்து, தொழிற்சாலைக்கான ஆங்கிலச் சொல்லில் நான் விட்டிருந்த ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துவிட்டு, கீழே கையெழுத்து வைத்தார்.

ஒரே ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு விளங்கவேயில்லை.