முத்திரைப் பக்கம்

எங்கள் ஊர் நூலகத்தின் வாசற்காவலரை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வருஷம் அந்த வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் பையைத் துழாவியவர். புத்தகம் இருந்தால் வாங்கி முதல் பக்கத்தைத் திறப்பார். அங்கே நூலக முத்திரையும் அதன் கீழே எண்ணும் இருக்கும். சீட்டோடு எண் ஒத்துப்போனால் படக்கென்று மூடித் திருப்பிக் கொடுப்பார். மனுஷன் அப்படியொரு கறார். சொந்த மைத்துனனையே பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போனவர். மனைவி போன பிறகு அவருக்கு ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

அவரிடம் என் பாச்சா ஒரே ஒரு தடவைதான் பலித்தது. சைக்கிள் ரிப்பேர் புத்தகம் ஒன்றைச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு, இருமிக்கொண்டே நடந்துவிட்டேன்.

எங்கள் தெருத் தையல்காரம்மாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய அப்பா படகுக்காரர்களோடு அலைந்து, அவர்கள் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, சாகும்முன் அதை நூலகத்துக்குக் கொடுத்தவர். வேறு பிரதி கிடையாது. கையெழுத்து நோட்டு என்பதால் இரவலும் கிடையாது. மகளுக்கோ படிக்கத் தெரியாது, யாரையாவது படிக்கச் சொல்லக் கூச்சம். வாராவாரம் வந்து, நோட்டைக் கேட்டு வாங்கி, தடவிப் பார்த்துவிட்டுப் போவார். சண்டை ஊரை நெருங்கிய வாரம் அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே பிடித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எங்கப்பா எழுதினதுண்ணே. சண்டை கிட்ட வந்துடுச்சு, வீட்ல வச்சிக்கிறேன்."

"இங்கதாம்மா பத்திரம். லைப்ரரியை எவன் தொடப்போறான்?"

தொட்டார்கள். அதிலிருந்து பதினேழாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, பட்டாளத்துக்காரர்கள் மண்ணெண்ணெய் டின்களோடு லாரியில் வந்தார்கள். குண்டு தவறி விழுந்தது என்று இன்றைக்கும் சிலர் கதை விடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் சனங்களின் சரித்திரம் எந்த அறை, பாட்டு எந்த அறை என்று கேட்டுக் கேட்டுக் கொளுத்தினார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் ஒரு படப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். எக்ஸ்ரே பழக்கதோஷத்தில் கையை நீட்டினாராம். துப்பாக்கிக் கட்டை மூன்று பல்லைக் கொண்டுபோனது.

சண்டை ஓய்ந்ததும் பள்ளிக்கூட அறை ஒன்றில் நூலகத்தை மறுபடி தொடங்கினார்கள். திருடியவர்கள், திருப்பித் தராதவர்கள் எல்லாரும் கொண்டு வாருங்கள், ஒரு வார்த்தை கேட்கமாட்டோம் என்று அறிவிப்பு. இருநூற்றுச் சொச்சம் புத்தகம் வந்தது. ஒவ்வொரு திருடனுக்கும் கைதட்டல்! எனக்கும் தட்டினார்கள், வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எக்ஸ்ரேயிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை. நானும்தான். அவர் கண்ணில் படாமல் எப்படி நழுவுவது என்றுதான் பார்த்தேன்.

அவரிடம் போனது தையல்காரம்மா மட்டும்தான். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நோட்டைத் திறந்து பார்த்தீங்களே. அப்பா எழுதினதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கா?"

"சீல் இருந்துச்சும்மா."

"அதுக்கு அடுத்த பக்கம்?"

எக்ஸ்ரே கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு," என்றார். "நம்பர்தாம்மா தெரியும். அத்தனை புத்தகமும் என் கை வழியாத்தான் போச்சு. ஒண்ணுலகூட அடுத்த பக்கத்தைத் திருப்பினதில்ல, பாவி நான்."

அந்த அம்மா இன்னும் ஏதாவது வருமோ என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். வாசலைத் தாண்டும் முன், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், தன் பையை விரித்து அவர் முன்னால் நீட்டினார்.

பையில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே அதற்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.