கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள்

வெல்லாவெளியில் விவசாயிகள் கூட்டம் பாதியில் இருக்கும்போது நான் நித்திரையாகிப் போனேன். இரண்டாவது வரிசையில் இருந்தேன். விழித்தபோது குறிப்புக் கொப்பியில் ஒரு வசனம் பாதியில் நின்று, பேனை கோடாக இழுபட்டுத் தாளின் விளிம்புவரை போயிருந்தது. எந்த வயல் வட்டைக்கு எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்பதுதான் கூட்டத்தின் ஒரே முடிவு. அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு எழுதினேன். ஒரு வட்டையின் திகதி பிழைத்துவிட்டது. அடுத்த நாள் பத்திரிகையில் திருத்தம் போட்டார்கள்.

இருபத்தாறு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். ஆசிரியர் கோபப்படவில்லை. “உடம்பு ஏலாட்டிச் சொல்லுங்க அக்கா, வேற ஆளைப் போடலாம்,” என்றார். கோபப்பட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எனக்கு ஏழு வருடமாக. களைப்பு வந்து பதினொரு மாதம். வேலை செய்து வரும் களைப்பு படுத்தால் போகும். இது எழும்பும்போதே கூட எழும்பும். தலை வாரக் கையை உயர்த்தினால் பாதியில் இறக்கி, ஆறிவிட்டு, மறுபடி உயர்த்த வேண்டும். செங்கலடிச் சந்தியில் கரடியனாற்று பஸ் வந்து நிற்கும், பத்தடி தூரம்தான். அது போகும்வரை பார்த்துக்கொண்டு வாங்கில் இருந்திருக்கிறேன்.

இந்தக் களைப்புக்குச் சீனியைத் தவிர வேறு காரணம் உண்டா என்று ஒரு டொக்டர் தேடிப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கிளினிக்கில் இதைச் சொன்னேன். அங்கே டொக்டர்மார் மாறிக்கொண்டே இருப்பார்கள், பதில் மாறாது. ஒருவர் வயது என்றார். ஒருவர் யோசனை அதிகம் என்றார். காசு கொடுத்துப் பார்த்த தனியார் டொக்டர், “உங்கட சீனி நல்ல கொன்றோல்ல இரிக்கி. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று சிரித்தார்.

சீனி உண்மையில் நல்லாகத்தான் இருந்தது. கிளினிக் கொப்பியைத் திறந்தால் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் சோறு நின்றுவிடும். குரக்கன் பிட்டு, பாவற்காய், காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர். மாலையில் இரண்டு மைல் நடை. இரத்தம் கொடுத்த அன்று பகலே சோறு திரும்பி வரும். எனக்கு மட்டுமான பழக்கம் இல்லை. வரிசையில் இருக்கும் எல்லாரும் செய்வதுதான். எனக்குப் பக்கத்து நம்பர் அடிக்கடி ஏறாவூர் ராத்தா ஒருவருக்கு விழும். கைத்தறிச் சாரம் விற்பவர்.

“றமழான்ல முப்பது நோன்பும் லேசாப் போயிரும் தங்கச்சி,” என்பார். “இந்தக் கிளினிக் நோன்பு மூணு நாள்தான் உசிரை எடுக்கிது.”

“பிறகு ஏன் ராத்தா பிடிக்கிறீங்க?”

“பிடிக்காட்டி அந்த டொக்டர்ர வாயில ஆரு விழுறது?”

அமைச்சர் வருவதற்கு முதல் நாள் வீதிக் குழிகளில் கிறவல் கொட்டி மூடுவதைப் பற்றி நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். தலைப்புகூட நினைவிருக்கிறது. என் உடம்பிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தத் திருத்தம் வெளியான கிழமைதான் உறைத்தது. நல்ல எண்ணைக் காட்டினால் என் களைப்பை யார் நம்புவது?

அடுத்த கிளினிக்குக்கு மூன்று நாளும் வழமையான சாப்பாடு சாப்பிட்டேன். இருநூற்று முப்பத்தொன்று.

அன்று இருந்தவர் முப்பது வயதைத் தாண்டாத டொக்டர். எண்ணைப் பார்த்ததும் பேனையை வைத்தார். “இப்ப விளங்குதா அம்மா ஏன் களைக்கிதெண்டு? இப்பிடிச் சாப்பிட்டா ஆருக்கும் களைக்கும்.”

நான் உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் சாப்பாட்டை, ஏழு வருடமாக வந்த பொய் எண்களை, எதையும் மறைக்கவில்லை. அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும்,” என்றார். “எல்லாரும் செய்யிறதுதானே. வெளியில நிண்டு பாருங்க, இரத்தம் குடுத்த கையோட முழுச் சனமும் பணிஸ் திண்டுகொண்டு நிக்கிது.” பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்தார்.

“தெரிஞ்சிட்டுத்தான் நல்லா இரிக்கி எண்டு சொன்னீங்களா?”

“நான் சொல்லல்லயே, எனக்கு முதல் இருந்தவங்க சொன்னது. சீனியை இறக்கிட்டு வாங்க, களைப்பைப் பிறகு பாப்பம்.” சீனிக் குளிசையைக் கூட்டி எழுதினார். அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. களைப்பு என்ற சொல் அந்தப் பக்கத்திலும் இல்லை.

பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சீனி இறங்கினால் எனக்கு ஒன்றும் இல்லை. ஏறினால் எல்லாம் என் பிழை. எந்த எண்ணோடு போனாலும் என்னை வாசலுக்குத்தான் அனுப்புவார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அந்த மூன்று நாள் குரக்கன் சாப்பாட்டை முழு மாதமும் சாப்பிட்டேன். கணவர் இரண்டாம் கிழமையே, “எனக்கென்ன வருத்தமா கா?” என்று கேட்டுத் தன் சோற்றைத் தானே சமைக்கத் தொடங்கினார். அந்த வாசனைக்குள் இருந்து குரக்கன் பிட்டை விழுங்கினேன். நடந்தேன், முடியாத நாட்களில் ஒழுங்கையின் முடிவுவரையாவது. செய்தி இரண்டுதான் எழுதினேன், இரண்டும் தொலைபேசியில் கேட்டு எழுதியவை. களைப்பு ஒரு நாளும் விடவில்லை.

நூற்றுப் பதினெட்டு. ஏழு வருடத்தில் முதல்தடவையாக உண்மையான நல்ல எண்.

டொக்டர் மறுபடி புதியவர். முந்திய பக்கத்தைப் பார்த்தார், இந்தப் பக்கத்தைப் பார்த்தார். “கெட்டிக்காரி. இப்பிடியே செய்யுங்க.”

“டொக்டர், களைப்பு குறையல்ல.”

“குறையும்.”

“ஒரு வருஷமாகுது.”

“சீனி இறங்கியிரிக்கே அம்மா.” கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். நேர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

நான் எழும்பவில்லை. தீர்மானித்துச் செய்ததல்ல. கையை மேசையில் ஊன்றினேன், உடம்பு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த நம்பர் ஆள், ஒரு கிழவர், கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எழும்புங்க அம்மா, ஆக்கள் நிக்கிறாங்க,” என்றார் நேர்ஸ்.

“தெரியும் மிஸ். ஏலாம இரிக்கி.”

டொக்டர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “இந்தச் சீனிக் குளிசை எவ்வளவு காலமாப் போடுறீங்க?”

“ஏழு வருஷம்.”

அவர் லாச்சியைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எதையோ எழுதினார். “இந்தக் குளிசை கன காலம் போட்டா சில ஆக்களுக்கு ஒரு விற்றமின் குறையும். அதையும் தைரொயிட்டையும் பாப்பம். குறை இருக்கும் எண்டு சொல்லேலாது.”

துண்டை ஆய்வுகூட யன்னலில் கொடுத்தேன். இரத்தம் எடுக்க ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையைத் தந்தார்கள். ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி, யன்னலுக்குக் கீழே இருந்த வாங்கில் இருந்தேன். பஸ்ஸுக்கு நடப்பதற்கு முன் கொஞ்சம் ஆற வேண்டியிருந்தது.