ரொட்டிக்காரரின் ஹாரன்

பூச்சோங் நகரில் இருக்கும் என் வீட்டு வாசலில், ரொட்டி விற்பவரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டதும் அடுப்பை அணைத்தேன்.

டெங்கிலுக்கு அப்பால் என் சிறு வயதில் நாங்கள் இருந்த சிற்றூரில், யாரும் கூப்பிடாமலே ரொட்டிக்காரர் ஒரு வீட்டின் முன் நின்றால் அந்த வாரமே அங்கே சாவு விழும். முதலில் தையல்கார ஆன்டி, பிறகு லோரி ஓட்டிய அண்ணன். ஹாரன் கேட்டால் அம்மா கதவைச் சாத்தி, என் வாயைப் பொத்துவார்.

அம்மா இல்லாத ஒரு மத்தியானம் ரொட்டிக்காரர் எங்கள் வாசலில் நின்றார்.

"அங்கிள், பக்கத்து வீட்டுல கூப்பிடுறாங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

அது என் தோழி கலாவின் வீடு. மூன்றாம் நாள் கலா காய்ச்சலில் போய்விட்டாள்.

இப்போது வாசலிலிருந்து என் மகள் கூப்பிடுகிறாள்.

"அம்மா, ரொட்டி அங்கிள் வந்து நிக்கிறாரு. நான் கூப்பிடவே இல்லம்மா. இந்தத் தடவ பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."