பதில் சொன்ன கார்டு

கோபம் வந்தால் மெர்சி யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து எதையாவது கழற்றிவிடுவாள். தாராபுரம் பக்கம் வெங்காயக் காட்டில் கூலிக்குப் போய் அம்மா ஆசையாக வாங்கிய ரேடியோவை, கரகரக்கிறது என்று பிரித்துப்போட்டு முதுகில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். மறுநாள் அதே ரேடியோ கணீரென்று பாடியதும், "இவளைப் படிக்க வெச்சே ஆகோணும்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ அப்படி வந்ததுதான்.

படித்த பிறகு கிடைத்ததோ, பட்டன் டெலிபோன் செய்யும் கம்பெனியில் சால்டரிங் வேலை. அதை மூடியதும், 1998-இல், கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைக்கு மாடியில் சென்னகேசவன் நடத்திய சின்ன யூனிட்டுக்கு வந்தாள். அங்கேயும் சால்டரிங்தான். மனசு மட்டும் பக்கத்து மேசையிலேயே கிடந்தது. சர்க்யூட் டிசைன் செய்யும் மேசை அது. அங்கே இருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மில்லில் இருந்து ஆர்டர் வந்தது. தொழிலாளர் வருகையைப் பதிய, ஸ்மார்ட் கார்டு செருகும் மெஷின் வேண்டுமாம். "நான் செஞ்சு பாக்கறேனுங்க சார்" என்று மெர்சி கேட்டேவிட்டாள்.

சென்னகேசவன் நல்ல மனுஷர், பொறுமைதான் கம்மி. "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாரு அம்மணி. அதுக்குள்ள கார்டு பேசலைன்னா பெங்களூர்ல ரெடிமேடா வாங்கிப்போடலாம். நீ பழையபடி சால்டரிங் பாத்துக்க" என்றார்.

மெஷினில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் கார்டுக்கும் நடுவே பேச்சுக்கென்று இருப்பது ஒரே ஒரு கம்பி. ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மின்சாரம் கொடுத்து எழுப்பியதும், நான் இன்னார் என்று கார்டுதான் முதலில் சொல்லும். என்ன வேகத்தில் சொல்லும் என்பது நாம் போடும் கிரிஸ்டலின் துடிப்பைப் பொறுத்தது. 'சாதாரண கலர் டிவி கிரிஸ்டல் போதும்' என்று கையிலிருந்த அமெரிக்கக் குறிப்பின் ஜெராக்ஸில் போட்டிருந்தது. மெர்சி நேராகப் போய், டிவி ரிப்பேர் கடை நடத்தும் மெஹராஜ் அக்காவிடம் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள்.

கார்டு பேசத்தான் செய்தது. ஆனால் திரையில் வந்ததெல்லாம் கன்னாபின்னா. புரோகிராமை மாற்றினாள், கம்பியை மாற்றினாள், கார்டையே மாற்றினாள். ம்ஹூம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, மின்துடிப்பைத் திரையில் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்பில் அந்தக் கம்பியை இணைத்துப் பார்த்தாள். கார்டு பிழையில்லாமல்தான் பேசியது. ஆனால் என்ன அவசரமோ, கன்ட்ரோலர் காது கொடுக்கும் வேகத்தை மிஞ்சிப் பேசியது. அப்படியானால் கோளாறு கிரிஸ்டலில்தான். மெஹராஜ் கடைக்கு ஓடினாள்.

"இது நம்மூரு கலர் டிவிக்கானது கண்ணு. அமெரிக்கா டிவி வேற, அதுக்குக் கிரிஸ்டலும் வேற. அது இங்க ஆருகிட்ட இருக்கும்?" என்றாள் மெஹராஜ்.

அடக் கடவுளே! எழுதின மகராசன் அவன் ஊர் டிவியை அல்லவா சொல்லியிருக்கிறான்! தலையில் அடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி, கார்டுக்கு வேண்டிய துடிப்பைக் கணக்குப் போட்டாள். மூன்று புள்ளி ஐந்து ஏழு என்று வந்தது. பேனா அப்படியே நின்றது. இதை எங்கோ பார்த்திருக்கிறாளே! எங்கோ என்ன, டெலிபோன் கம்பெனியில் போர்டுக்குப் போர்டு அவளே ஈயம் வைத்த குட்டிக் கிரிஸ்டல் டப்பியின் முதுகில் இதே எண்தான் இருக்கும்.

சென்னகேசவன் மேசையில் பட்டன் டெலிபோன் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் கீழே பட்டறையில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டால் விடுவாரா? மெர்சி கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

மத்தியானம் மாடியேறி வந்தவர், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரிசீவரை எடுத்துப் பெங்களூர் நம்பரை அழுத்தினார். டயல் டோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"ஏன் அம்மணி, போனுக்கு என்னாச்சு?"

"உள்ள இருந்த கிரிஸ்டலைக் கழட்டிப்போட்டேனுங்க சார்."

"கழட்டிப்போட்டியா? உனக்கென்ன கிறுக்கு புடிச்சுப்போச்சா?"

"சித்த இங்க வந்து பாருங்க சார்."

கார்டைச் செருகினாள். திரையில் சுத்தமாக ஒரு எண் வந்தது. கார்டின் மேல் மில்காரர்கள் அச்சடித்திருந்த அதே எண். அவரே உருவி, அவரே செருகிப் பார்த்தார். அதே எண்தான் வந்தது. கோபமாகத் தொடங்கிய முகம் சிரிப்பில் போய் முடிந்தது.

"அந்த மேசைய இனி நீயே வெச்சுக்க. கீழ பூத்துல இருந்து மில்லுக்குப் பேசிப்போட்டு வாரேன்" என்று படியிறங்கினார்.

மெர்சிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவிடம் இப்போதே சொல்லியாக வேண்டும். அம்மா வேலை செய்யும் தோட்டத்துக்காரர் வீட்டில் போன் உண்டு. ரிசீவரை எடுத்து நம்பர் முழுக்க அழுத்தினாள். டயல் டோன் பாட்டுக்கு ஓடியது. அப்போதுதான் உறைத்தது. நேற்று அடக்கிய அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வர, படியை நோக்கி ஓடினாள்.

"சார், இருங்க! நானும் பூத்துக்கு வாரேனுங்க!"