நான்காமவர் அழுத்திய மூலை

செம்பூரில் நான் டிசைன் கற்றுக்கொண்ட அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. நாம் வடிவமைத்த திரையை ஒருவர் பயன்படுத்திப் பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. 'இங்கே அழுத்துங்கள்' என்று கண்ணால்கூடக் காட்டக் கூடாது. எனக்கு அது பெரிய தண்டனை. தாராவியில் எங்கள் சந்தில் யாராவது போனை நீட்டி, "ஏட்டி, இதக் கொஞ்சம் பாரு" என்றால், சொல்லி முடிப்பதற்குள் வேலையை முடித்துக் கொடுத்துப் பழகியவள் நான்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்கும் ஆப் ஒன்றின் திரைகள் என் பொறுப்பு. பயிற்சிக்காலத்தின் கடைசி வேலை அது. பயன்படுத்திப் பார்க்க வருகிறவர்கள் தடுமாறாமல் டோக்கன் எடுத்துவிட்டால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். மராத்திக்கார மேடம், உங்கள் ஏரியாவிலிருந்தே நாலு பெண்களைக் கூட்டி வா என்று சொல்லியிருந்தார். ஆள் பிடிக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

முதல் மூன்று பேரும் மளமளவென்று அழுத்தி டோக்கன் எடுத்தார்கள். மேடம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கோ சந்தேகம். இவ்வளவு சுலபமாக யாரும் எந்த ஆப்பையும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

நான்காவதாக எங்கள் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். அவருக்கு மட்டும் நான் செய்திருந்த இன்னொரு மாதிரித் திரையைக் கொடுக்கச் சொன்னார் மேடம். அதில் டோக்கன் எடுக்கும் பச்சைப் பட்டன் மூலையில் இல்லை, நடுவில் இருந்தது. அத்தை ஒன்றுமே இல்லாத மூலையை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கனதான இருந்துச்சு? கண்ண மூடிக்கிட்டு மூலையில அமுக்குன்னுதான ஒங்கம்ம சொல்லித் தந்தா?" என்றார்.

"க்யா போல் ரஹி ஹை?" அத்தை என்ன சொல்கிறார் என்று இந்தியில் கேட்டார் மேடம்.

அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன மறுநொடியே எனக்கென்ன பைத்தியமா என்று என்மீதே எரிச்சல் வந்தது. மேடம் லேப்டாப்பை மூடினார். நாளை மான்குர்த்தில் முன்பின் தெரியாதவர்களை வைத்துப் பார்ப்போம், உன் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றார்.

குர்லாவில் ரயில் மாறி வீடு வந்து சேரும்வரை அம்மாமீது கொதித்துக்கொண்டிருந்தேன். எந்த போனிலும் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, திரைகளை அவள் போனில் போட்டு வைத்தது நான்தான். அதைக் காட்டி நாலு பேரையும் பழக்கிவிட்டிருக்கிறாள்.

"ஒன்ன யாரு சொல்லிக்குடுக்கச் சொன்னா? எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "மொதல்ல நாலு பேருகிட்டயும் போனச் சும்மாதாம்ட்டி குடுத்தேன். ஒருத்திக்கும் டோக்கன் எடுக்க வரல. ஒனக்கு வேலை போயிருமேன்னுதான் சொல்லிக்குடுத்தேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "எந்த எடத்துல முழிச்சாங்க?" என்று கேட்டேன்.

"மொதப் பக்கத்துலயே," என்றாள் அம்மா.