சேணத்தின் கீழே தெரிந்த சூடு

எங்கள் லாயத்தில் குதிரைகளுக்கு மின்விசிறி உண்டு. அவற்றைக் கழுவித் துடைக்கும் ஆட்களின் அறைக்குக் கிடையாது. பினாங்குக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு விசித்திரமாகப் பட்டது இதுதான். சில மாதங்களில் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஜார்ஜ் டவுனுக்கு வெளியே பணக்காரர்கள் சவாரிக் குதிரை வளர்த்த அந்த லாயத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். இங்கே அதற்குக் கிராணி என்று பெயர். குதிரைக்காரர்களில் பலர் தோட்டத்துத் தமிழர்கள். ஊரில் எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். கல்லூரியில் நன்றாகப் படித்தவன் நான். ஆனாலும் அந்தச் சிரட்டையில் பிழை இருப்பதாக ஒருநாளும் தோன்றவில்லை. இங்கேயும் அலுவலக ஜன்னலில் குதிரைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் கோப்பை வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முதலாளியின் செந்நிறக் குதிரை அவரைக் கீழே தள்ளியது. சேணத்தைக் கண்டாலே முதுகை வளைத்துக்கொண்டு உதைத்தது. அதைப் பராமரித்தவர் மாரிமுத்து, நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர். அவர்தான் பிரம்பால் அடித்துக் குதிரையைக் கெடுத்துவிட்டார் என்றார் முதலாளி. மாரிமுத்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“கிராணி, வாயில்லா ஜீவன நான் அடிப்பேனா? புது சேணம்தான் அமுக்குது. தோளுக்குப் பின்னால கை வச்சுப் பாருங்க லா, அடுப்பு மாதிரி கொதிக்குது.”

“உனக்கு எல்லாம் தெரியுமோ? டொக்டர் வரட்டும்.”

“வரட்டும், வரட்டும். வந்து குதிரைகிட்டயே கேக்கட்டும். அதுக்கு ஆபீஸ் பயம் கிடையாது.”

நான் எழுந்து போய்க் கை வைத்துப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மிருக வைத்தியர் இரண்டு கருவிகளோடு வந்தார். ஒன்று வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமெரா. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் குதிரையின் முதுகு திரையில் நீலமும் பச்சையுமாகத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ளங்கை அகலத்தில், கடும் சூட்டைக் காட்டும் வெள்ளைத் தழல். மற்றது, சேணத்தின் அடியில் விரிக்கும் மெல்லிய பாய். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்று கணினிக்குச் சொல்லும். அதுவும் அதே இரண்டு இடங்களைச் சிவப்பாகக் காட்டியது. பிரம்படி என்றால் கோடாகத் தெரியும், இது சேணத்தின் வேலை என்று வைத்தியர் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு குதிரையை அமைதியாகப் பிடித்து நின்ற மாரிமுத்துவைப் பார்த்து, நல்ல கைகள் உனக்கு என்று பாராட்டினார். கையைப் பற்றி ஏதோ பேச்சு என்பது மட்டும் மாரிமுத்துவுக்கு விளங்கியது. சோதனை போடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். வைத்தியர் சிரித்தார். நடுவில் நின்ற நான் மொழிபெயர்க்கவில்லை.

வைத்தியர் படங்களை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை தட்டச்சு செய்வது என் பொறுப்பு. முதலாளி என்னை மிரட்டவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவும் இல்லை. “இங்கிலாந்துச் சேணம். அதில் குறை இருக்குமா? நீங்கள் படித்தவர்” என்று ஆங்கிலத்தில் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. முதுகில் அழற்சி, பராமரிப்புச் சரியில்லை என்று எழுதினேன். படங்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அந்த வாரமே மாரிமுத்துவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிய ஆள் அதே சேணத்தை இறுக்கிக் கட்டினான். இரண்டு மாதத்தில் குதிரையின் முதுகு வெடித்துச் சீழ் வடிந்தது. அந்த நாற்றம் என் சட்டையிலேயே இருப்பது போல வீட்டுக்குப் போய்த் திரும்பத் திரும்பக் குளித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் துணிவு வந்தது. படங்களை எடுத்துக்கொண்டு நிபோங் திபாலுக்குப் போனேன். மாரிமுத்து அப்போது செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டும் வேலையில் இருந்தார். வீட்டு வாசலில் நின்றபடியே படத்தை வாங்கிப் பார்த்தார். நடந்தது முழுவதையும் சொல்லி முடித்தேன்.

“இதுக்குப் படம் எதுக்கு கிராணி? எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்கும் தெரியும்.” படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நம்ம ஆளு ஒருத்தரு ஆபீசுல இருக்காருன்னு வீட்டுல தைரியமா சொல்லிட்டு வந்தேன் அன்னைக்கு.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவில் கை வைத்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “யாருண்ணே வந்திருக்கிறது? சொந்தமா?”

“இல்ல தங்கச்சி. யாரோ சிலோன்காரரு. வழி தப்பி வந்துட்டாரு.”

இந்த நாட்டில் யார் என்னை வெறுமனே தமிழன் என்றாலும், இல்லை, நான் சிலோன்காரன் என்று திருத்தியே முப்பது வருடம் ஓட்டியவன் நான். இப்போது அவர் அதே சொல்லைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெயிலில் பேருந்துக்காக நின்றேன். பினாங்குக்கா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். ஊருக்கு என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்துக்கு இங்கிருந்து பேருந்து கிடையாது.